கேட்டதும் சொன்னதும்: 1872 கோப்பைக் கணக்கு

போன வாரம், இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பை பற்றி வந்த ஒரு கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன்: “இங்கிலாந்தின் முதல் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிய அணி, அதற்காக ஜெயித்தது இரண்டே ஆட்டம்.” அந்த வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டு இருக்கின்றன. அச்சுப் பிழை என்கிறார் ஒருவர். வயதாகிவிட்டது, எழுதுவதை நிறுத்துங்கள் என்கிறார் இன்னொருவர். வயதானது உண்மை. வரியும் உண்மை. அந்த அணியின் பெயர் வாண்டரர்ஸ். அதனால் இந்த வாரம் முழுக்க அந்த 1871-72 சீசனுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 15 அணிகள் மோதும் நாக்-அவுட் போட்டியில் கோப்பை வாங்க நான்கு சுற்று ஜெயிக்க வேண்டும். இரண்டு வெற்றி எப்படிப் போதும்? கணக்கு உதைக்கிறதே சார். (ஒரு கணக்கு ஆசிரியர்)

உதைக்கத்தான் செய்கிறது ஐயா. நானும் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். 16, 8, 4, 2 என்று பாதி பாதியாகக் குறைவதுதான் முறை. அந்த சீசனில் அணிகளின் எண்ணிக்கை குறைந்தது எப்படித் தெரியுமா? 15, 10, 5, 4, 2.

முதல் சுற்றில் ஏழு ஜோடிகள். மிச்சம் நின்ற ஹாம்ப்ஸ்டெட் ஹீதன்ஸ் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. ஏழில் நான்கு ஆட்டங்கள்தான் நடந்தன, எல்லாம் 1871 நவம்பர் 11 அன்று. ஹாரோ செக்கர்ஸ் வரவில்லை. எதிரே இருந்த வாண்டரர்ஸுக்கு வாக்-ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. ரைகேட் பிரையரி வரவில்லை. ராயல் எஞ்சினியர்ஸுக்கு வாக்-ஓவர். லிங்கன்ஷயரின் டோனிங்டன் பள்ளியும் கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க்கும் ஒரு தேதிக்கு ஒத்துவரவில்லை; சரி, இருவருமே அடுத்த சுற்றுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். கிறிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் கோல் இல்லாமல் சமன் செய்தன. அவர்களுக்கும் அதே சலுகை.

சமனில் முடிந்தால் மறுபடி ஆடலாம், அல்லது இரண்டு அணியையும் மேலே அனுப்பலாம், போட்டியை நடத்தும் குழுவின் விருப்பம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. காலிறுதியில் மிஞ்சியது ஐந்து அணி. இரண்டு ஆட்டம், ஒருவருக்கு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. ஒழுங்காக நடந்திருந்தால் அரையிறுதிக்கு மூன்று அணிதான் வந்திருக்கும், மறுபடி ஒன்று தனியாக நின்றிருக்கும். நல்ல வேளையாக வாண்டரர்ஸும் கிறிஸ்டல் பேலஸும் 0-0 என்று முடித்தார்கள். இருவரையும் அனுப்பினார்கள், நான்கு சரியாக வந்துவிட்டது!

இப்போது வாண்டரர்ஸின் கணக்கு. முதல் சுற்று, வாக்-ஓவர். இரண்டாவது, கிளாபம் ரோவர்ஸை 3-1 என்று வென்றார்கள். காலிறுதி, சமன். அரையிறுதி, சமன், எதிரணி விலகியது. இறுதி ஆட்டம், ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என்று வென்றார்கள். ஆடியது நான்கு, ஜெயித்தது இரண்டு, போட்டது மொத்தம் நான்கு கோல். விடைத்தாளில் மதிப்பெண் போட்டுவிடுங்கள் ஐயா.

கேள்வி: அரையிறுதியில் தோற்காமலே விலகிய அந்த அணி எது? ஏன் விலகியது? (இல்லத்தரசி, மகனுடன் சேர்ந்து ஆட்டம் பார்ப்பவர்)

குவீன்ஸ் பார்க், அம்மா. இந்த சீசனில் என் மனதுக்கு நெருக்கமான அணி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1867இல் தொடங்கியது. கோப்பை செய்வதற்கு ஒரு கினி நன்கொடை அனுப்பியது. ஒரு கினி என்றால் ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். கோப்பையின் மொத்த விலையே 20 பவுண்டு சொச்சம்தான் என்னும்போது, அது சின்னத் தொகை இல்லை.

தொலைவைக் கருதி அவர்களுக்கு ஆரம்பச் சுற்றுகளில் கழகம் சலுகை காட்டியது. முதல் சுற்று சொன்னேனே, தேதி ஒத்துவரவில்லை. இரண்டாவது சுற்றில் அதே டோனிங்டன் பள்ளி விலகிக்கொண்டது. காலிறுதியில் அந்த ‘பை’ கிடைத்ததும் இவர்களுக்குத்தான். ஆக, பந்தைத் தொடாமலே அரையிறுதி! அரையிறுதியும் இறுதியும் லண்டனில் உள்ள கென்னிங்டன் ஓவல் மைதானத்தில்தான் என்பது ஏற்பாடு. ஊரில் பணம் வசூல் செய்து, ரயிலேறி, 1872 மார்ச் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். வாண்டரர்ஸுக்கு எதிராக 0-0.

இந்த முறை இருவரையும் அனுப்ப முடியாது, இறுதிக்கு ஒருவர்தானே போக வேண்டும்? மறு ஆட்டம் என்றார்கள். தங்கிக் காத்திருக்கவோ, ஊருக்குப் போய்த் திரும்பி வரவோ அவர்களிடம் காசில்லை. விலகிவிட்டார்கள். ஒரு ஆட்டம் ஆடி, ஒரு கோலும் வாங்காமல், வெளியேறிய அணி.

அநியாயமா என்றால், விதிப்படி இல்லை. ஆனால் 400 மைல் தள்ளி இருப்பவனையும் ஓவலுக்குப் பக்கத்தில் இருப்பவனையும் ஒரே விதியில் கட்டினால் விதி யார் பக்கம் சாயும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அதுதான் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம். ஸ்காட்லாந்தின் 11 பேரும் குவீன்ஸ் பார்க் ஆட்கள். அதுவும் 0-0! இந்தத் தடவை ரயில் டிக்கெட் இங்கிலாந்துக்காரர்கள் செலவு.

கேள்வி: போட்டியை நடத்திய கழகச் செயலாளரே வென்ற அணியின் கேப்டன் என்று படித்தேன். இது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம்தானே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

உங்கள் சந்தேகம் எனக்கும் வந்து போனது. சார்லஸ் ஆல்காக் போட்டிருந்த தொப்பிகளை எண்ணினால் யாருக்கும் வரும். கால்பந்துக் கழகத்தின் செயலாளர். 1871 ஜூலை 20 அன்று ‘ஸ்போர்ட்ஸ்மேன்’ பத்திரிகை அலுவலகத்தில் கூடிய கூட்டத்தில் இப்படி ஒரு கோப்பை வேண்டும் என்று முன்மொழிந்தவர். அந்தப் பத்திரிகைக்கு எழுதுபவரும்கூட. வாண்டரர்ஸ் கேப்டன். 1872இல் சர்ரே கிரிக்கெட் கிளப்பின் செயலாளர் ஆனார். இறுதி நடந்த ஓவல் அந்த கிளப்பின் மைதானம். அப்போது வயது 29.

ஆனால் சதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதி செய்கிறவன் கட்டத்தை இவ்வளவு கோணலாகவா போடுவான்? இன்னொன்று, இறுதியில் தானே அடித்த கோல் ஒன்றை ஆல்காக் இழந்தார். அணித் தோழர் உல்லாஸ்டன் பந்தைக் கையால் தொட்டுவிட்டார் என்று செல்லாமல் போனது. மனிதர் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ரகம். ஒவ்வொரு சங்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்; திட்டிக்கொண்டே அவரிடம்தான் சாவியைக் கொடுப்போம்.

தோற்றவன் வெளியே என்கிற முறையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இன்னொரு கடிதம் கேட்கிறது. தான் படித்த ஹாரோ பள்ளியிலிருந்து. அங்கே மாணவர் விடுதிகளுக்கிடையே அப்படி ஒரு போட்டி நடந்து வந்தது.

கேள்வி: என் பழைய வினாடி வினாக் குறிப்பில் முதல் இறுதியில் கோல் அடித்தவர் ‘ஏ.ஹெச். செக்கர்’ என்று இருக்கிறது. இப்போது எல்லோரும் பெட்ஸ் என்கிறார்கள். எது சரி? (கல்லூரி மாணவர்)

இரண்டும் ஒரே ஆள் தம்பி. மார்ட்டன் பீட்டோ பெட்ஸ், ஹாரோ செக்கர்ஸ் கிளப்பிலும் உறுப்பினர். முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிராக வராமல் போனதே, அதே கிளப். இப்போது அவர் ஆடுவது வாண்டரர்ஸுக்கு. அதனால் ‘ஒரு ஹாரோ செக்கர்’ என்று அர்த்தம் வரும்படி ‘ஏ.ஹெச். செக்கர்’ என்று பெயர் கொடுத்துவிட்டு இறங்கினார். இந்தக் காலமாக இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு அணியில் இருக்க முடியாது என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

1872 மார்ச் 16, சனிக்கிழமை. ஓவலில் சுமார் 2,000 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்; அது அதிகம் என்பதால்தான் கூட்டம் வரவில்லை என்று சொல்வார்கள். பந்தயம் கட்டியவர்களின் பணமெல்லாம் ராயல் எஞ்சினியர்ஸ் மேல். கென்ட்டின் சாத்தம் நகரில் இருந்த ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரிகள் அவர்கள். சேர்ந்து ஆடுவதற்குப் பேர் போனவர்கள். வாண்டரர்ஸ் பக்கம் விடால் என்றொருவர். பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓடுவதில் அந்தக் காலத்தின் மன்னர். 15ஆவது நிமிடம் வாக்கில் அவர் இழுத்துக்கொண்டு வந்த பந்தைத்தான் பெட்ஸ் உள்ளே தள்ளினார்.

நீங்கள் இன்று பார்க்கும் கோல் கம்பத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வலை கிடையாது. மேலே குறுக்குக் கம்பம் இல்லை, நாடாதான் கட்டியிருக்கும். பெனால்ட்டி என்ற பேச்சே இல்லை. கோல் விழுந்தால் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும்.

கேள்வி: அந்த இறுதியில் ஒருவர் எலும்பு முறிந்தும் ஆடினாராமே? மாற்று ஆள் இல்லையா? (உடற்கல்வி ஆசிரியர்)

எஞ்சினியர்ஸின் லெப்டினன்ட் எட்மண்ட் கிரெஸ்வெல். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, காறையெலும்பு முறிந்துவிட்டது. வெளியே போக மறுத்து, மீதி ஆட்டம் முழுவதும், ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல், களத்திலேயே நின்றார். மாற்று ஆள் கிடையாது. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்ததே 1965இல்தான்.

பள்ளி ஆட்டங்களில் விசிலோடு நான் ஓடிய காலத்தில் இதே எலும்பு முறிந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்க முடியாது, மூச்சை இழுத்தால் வலி. “ஆடுறேன் சார்” என்று அழுதான். இழுத்து வெளியே உட்கார வைத்தேன். கிரெஸ்வெல்லைப் புகழ்ந்து எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வருகிறது. அவரையும் வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் நடுவர் ஆல்ஃப்ரெட் ஸ்டேருக்கு அந்த வேலை இல்லை. களத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது இரண்டு அணிகளுக்கும் பொதுவான அம்பயர்கள். அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் ஸ்டேர் வாயைத் திறப்பார்.

கேள்வி: எஃப்.ஏ. கோப்பையின் முதல் கோல்?

கிளாபம் ரோவர்ஸின் ஜார்விஸ் கென்ரிக், அப்டன் பார்க்குக்கு எதிராக, 1871 நவம்பர் 11.

கேள்வி: ராயல் எஞ்சினியர்ஸ் என்கிற அந்தப் படை அணிக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இறுதியில் ஆடிய ஹென்றி ரென்னி-டெய்ல்யூர் பிறந்தது முசூரியில். 1873இல் ஸ்காட்லாந்துக்குச் சர்வதேச ஆட்டத்தில் முதல் கோல் அடித்தவரும் அவரே. அதே இறுதியில் ஆடிய ஆல்ஃப்ரெட் குட்வின் 1874 மார்ச்சில், 24 வயதில், ரூர்க்கியில் குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்தார்.

கேள்வி: வாண்டரர்ஸ் வாங்கிய அந்த முதல் கோப்பை இப்போது எங்கே? (பழம்பொருள் சேகரிப்பவர்)

எங்கும் இல்லை. இறுதி முடிந்த அன்றே அதைக் கொடுக்கவுமில்லை. ஏப்ரல் 11 அன்று லண்டன் பால் மால் உணவகத்தில் நடந்த விருந்தில்தான் கழகத் தலைவர் மார்லி அதை ஆல்காக்கிடம் தந்தார். சுமார் ஒன்றரை அடி உயர வெள்ளிக் கோப்பை, மூடி மேல் ஒரு ஆட்டக்காரர் உருவம். ‘குட்டித் தகர விக்கிரகம்’ என்று செல்லப் பெயர். 1895 செப்டம்பரில், ஆஸ்டன் வில்லா வென்று வைத்திருந்தபோது, பர்மிங்ஹாமில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் கண்ணாடி ஜன்னலில் காட்சிக்கு வைத்தார்கள். இரவோடு இரவாகப் போய்விட்டது. கழகம் வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம் போட்டது. 1958இல் கிழவர் ஒருவர், நான்தான் திருடினேன், உருக்கிக் கள்ளக் காசு அடித்தேன் என்று ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அவர் சொன்ன விவரங்கள் பழைய செய்திகளோடு முழுக்கப் பொருந்தவில்லை.

கேள்வி: அடுத்த ஆண்டாவது ஒழுங்காக நடத்தினார்களா? (மறுபடியும் அந்தக் கணக்கு ஆசிரியர்)

வேண்டாம் ஐயா, கேட்காதீர்கள். முந்தைய ஆண்டு வென்ற அணி நேரே இறுதியில் ஆடினால் போதும் என்று வைத்தார்கள். வாண்டரர்ஸ் 1873இல் ஒரே ஆட்டம் ஆடி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை 2-0 என்று வென்று, மறுபடி கோப்பையை எடுத்துப் போனார்கள். குவீன்ஸ் பார்க் மறுபடி அரையிறுதி வரை வந்து மறுபடி விலகியது. இறுதியைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அன்று மத்தியானம் தேம்ஸில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படகுப் போட்டி. அதைத் தவறவிட யாருக்கும் மனமில்லை. தோற்ற ஆக்ஸ்ஃபோர்டு அணியில் ஒரு பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: விடால்.