பக்கத்து நாற்காலிக்காரர்

அன்புள்ள ஐயா,

நான் வயலின் வாசிப்பவன். எங்கள் ஊர் இசைக்கலைஞர் சங்கத்தில் பதினொரு வருடமாக உறுப்பினர். சங்கம் நிர்ணயித்த சம்பளத்தில் பாதிக்கு ஒருவர் ரெக்கார்டிங்கில் வாசித்துவிட்டார். அவரை நீக்கச் சொல்லிப் போன கூட்டத்தில் பெரிய சண்டை. நானும் கை தூக்கினேன். அவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். அடுத்த கூட்டத்தில் முடிவு உறுதியாகும். எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்தது தப்பா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. ஒருவர் பாதிக்கு இறங்கினால், அடுத்த வாரம் எல்லோரிடமும் அந்தப் பாதியைத்தான் பேசுவார்கள். ஆனால் அவருக்குக் கடைசியாக முழுச் சம்பளத்தில் எப்போது வேலை வந்தது என்று கூட்டத்தில் யாராவது கேட்டீர்களா? சங்கத்துச் சண்டைகள் சம்பளத்தில்தான் வெடிக்கும். நான் பார்த்தவரை, வேர் யாருக்கு போன் வருகிறது என்பதில் இருக்கும். எப்போதும் அதே பத்துப் பேரை அழைத்தால், பதினோராவது ஆள் எதற்கும் சம்மதிப்பார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காலத்தில் இரண்டு சங்கக் கிளைகள் இருந்தன. வெள்ளையர்களுக்கு 47ஆம் எண் கிளை, கறுப்பர்களுக்கு 767. ஸ்டுடியோ வேலையெல்லாம் பெரும்பாலும் 47க்கே போனது. பட்டி கோலெட், சார்லஸ் மிங்கஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள் இரண்டையும் ஒன்றாக்கக் கிளம்பியபோது, எதிர்ப்பு 767க்குள்ளிருந்தும் வந்தது. சொந்தக் கட்டடமும் சொந்தக் குரலும் பெரிய கிளைக்குள் கரைந்துவிடும் என்ற பயம். அதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியாது. இணைப்பைக் கேட்டவர்கள் இரண்டு தரப்பாரையும் சேர்த்து ஓர் ஆர்கெஸ்ட்ரா அமைத்து ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள், 767இன் தேர்தலிலும் நின்றார்கள். 1953இல் கிளைகள் இணைந்தன.

அந்தக் கிளைகளின் தாய்ச் சங்கமான அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் விற்பனையில் பங்கு கேட்டு 1942 ஆகஸ்ட் 1 முதல் ரெக்கார்டிங்கையே நிறுத்தியது. பாடகர்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை; வாத்தியத்துக்குப் பதில் கோரஸை வைத்துப் பாடிப் பதிவு செய்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! இருந்தும் தாக்குப்பிடித்தார்கள். பெரிய கம்பெனிகளில் கடைசி இரண்டும் 1944 நவம்பரில் இறங்கி வந்தன. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டிலிருந்தும் ஒரு தொகை பொது நிதிக்குப் போனது. அதிலிருந்து வேலையில்லாத கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். போன் வராதவரையும் கணக்கில் வைத்த அந்த நிதிதான் எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

நானும் வயலின் வரிசையில் இருந்தவன். இசைத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம் இருப்பவர் தாள் திருப்ப வேண்டும். ஒரு சங்கத் தேர்தல் தகராறில் நானும் என் ஸ்டாண்ட்காரரும் எட்டு மாதம் பேசவில்லை. ஒரு நாள்கூட அவர் தாளைத் தாமதமாகத் திருப்பியதில்லை. ஒருமுறை நான் ஒத்திகைக்குப் போகவில்லை. மறுநாள் பார்த்தால், வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று மாற்றிய குறிகள் எல்லாம் என் பக்கத்தில் பென்சிலால் பெரிதாகப் போட்டிருந்தன. என் கண் பார்வை அவருக்குத் தெரியும்.

நீங்கள் கை தூக்கியதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் தூக்கியதுதான் தப்பு. அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். சங்கத்தில் யாருக்கு எத்தனை வேலை வந்தது என்ற ஒரு வருடக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகு ஓட்டெடுப்பு நடக்கட்டும்.