ஒரே கிளப்புக்காக ஆடி ஓய்வுபெற்ற நாயகர் ஒருவரைப் பற்றி, ரசிகராக உங்கள் நெஞ்சில் நிற்கும் நினைவுகள் எவை?

ஃபிரான்செஸ்கோ டோட்டி. இந்தக் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. 1993 மார்ச் 28 அன்று பிரெஷியா அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பதினாறு வயதுப் பையனாக, இத்தாலியின் ரோம் நகரத்துக் கால்பந்து கிளப்பான ரோமாவின் சட்டையை அணிந்து களமிறங்கியவர், 2017 மே 28 அன்று அதே சட்டையில் விடைபெற்றார். இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் 786 ஆட்டங்கள், 307 கோல்கள். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏ-வில் மட்டும் 250 கோல்கள். அந்தப் பட்டியலில் சில்வியோ பியோலா ஒருவரே அவருக்கு மேலே இருக்கிறார். நீங்கள் கேட்டிருப்பது நினைவுகளை என்பதால், இந்தக் கணக்குகளை இத்துடன் விட்டுவிட்டு, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

நான் அவரை முதன்முதலாகக் கவனித்தது இத்தாலி அணியின் சட்டையில்தான். 2000-ஆம் ஆண்டு யூரோ கோப்பையின் அரையிறுதி, ஆம்ஸ்டர்டாம் நகரில், நெதர்லாந்தின் சொந்த மண்ணில் நடந்தது. கூடுதல் நேரத்திலும் கோல் விழாமல் ஆட்டம் பெனால்டிகளுக்குப் போயிருந்தது. மைதானம் முழுவதும் எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, இருபத்து மூன்று வயது டோட்டி ஓடிவந்து, பந்தை ஓங்கி உதைக்காமல், அதன் அடியில் பாதத்தைக் கொடுத்து மெல்ல மேலே தூக்கிவிட்டார். கோல்கீப்பர் வான் டெர் சார் ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்துவிட, பந்து எந்த அவசரமும் இல்லாமல் கோலின் நடுவில் இறங்கியது. கரண்டி என்று பொருள்படும் 'குக்கியாயோ' என்ற சொல்லால் இத்தாலியர்கள் இந்த உதையைக் குறிப்பிடுகிறார்கள். பந்தை நோக்கி நடப்பதற்கு முன்பே, கரண்டி போடப் போகிறேன் என்று ரோம் நகரத்துப் பேச்சுவழக்கிலேயே அவர் சக வீரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது பிறகு தெரியவந்தது. அன்றிலிருந்து நான் ரோமாவின் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் ரோமாவிலேயே தங்கியதும் அத்தனை உறுதியாக இருந்த விஷயமன்று. 1996-97 பருவத்தில் பயிற்சியாளராக இருந்த கார்லோஸ் பியான்கிக்கு டோட்டியின் மீது நம்பிக்கை இல்லை. அவரைச் சம்ப்தோரியா கிளப்புக்கு அனுப்பும் பேச்சு ஏறக்குறைய முடிந்தேவிட்டது. 1997 பிப்ரவரியில் அயாக்ஸும் போருசியா மொன்செங்கிளாட்பாக்கும் ரோமுக்கு வந்து ஆடிய ஒரு சிறிய நட்புத் தொடரில் அந்த இளைஞர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான், கிளப்பின் தலைவர் ஃபிராங்கோ சென்சி அவரை விட முடியாது என்று முடிவெடுத்தார். யாருக்கும் நினைவில் நிற்கத் தேவையில்லாத ஒரு நட்புத் தொடரை ரோமா ரசிகர்கள் இன்றும் பேசுவதற்கு இது ஒன்றே காரணம்.

2001 ஜூன் 17. பருவத்தின் கடைசி ஆட்டம், ஒலிம்பிக்கோ மைதானத்தில் பார்மாவுக்கு எதிராக. வென்றால், 1983-க்குப் பிறகு முதன்முறையாக ரோமாவுக்கு லீக் பட்டம். முதல் கோலை அடித்தவர் கேப்டன் டோட்டி. பிறகு மொன்டெல்லா, அதன் பிறகு பட்டிஸ்டூட்டா. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போதே மக்கள் தடுப்புகளைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். வீரர்களின் சட்டைகளை உருவுகிறார்கள். ஆட்டம் கைவிடப்பட்டுவிடுமோ என்ற பதற்றத்தில், பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ கோபத்தில் கத்திக்கொண்டே ரசிகர்களை வெளியே தள்ளுகிறார். 3-1 என்று எழுதப்பட்ட பலகைக்குக் கீழே, மிச்சமிருந்த அந்தச் சில நிமிடங்கள் எப்போது தீரும் என்று ஒரு நகரமே தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலின் கடைசியில் அதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு அவருக்கு லீக் பட்டம் கிடைக்கவே இல்லை. 2001-02 முதல் 2016-17 வரை ஒன்பது பருவங்களில் ரோமா இரண்டாமிடத்தில் முடித்தது. ஒன்பது முறை! ரியல் மாட்ரிட் போன்ற கிளப்புகள் அழைத்தபோது போயிருந்தால் கோப்பைகளுக்குக் குறைவே இருந்திருக்காது. இதைத் தியாகம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர் அதே நகரத்தில் பிறந்து, ரோமா கேப்டன் ஜுசெப்பே ஜன்னினியை ஆதர்சமாகக் கொண்டு வளர்ந்த பையன். தான் ஆசைப்பட்ட இடத்திலேயே இருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் பட்டம் கைநழுவிப் போகும்போது எங்களுக்கு இருந்த அதே வருத்தம் அவர் முகத்திலும் இருக்கும் என்பதும், ஆகஸ்டில் அதே மனிதர் அதே பத்தாம் எண்ணுடன் திரும்ப வருவார் என்பதும் ரசிகனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, தோற்கும் அணியை நேசித்தவர்கள் அறிவார்கள்.

கோல்களைவிட எனக்குப் பிடித்தது அவருடைய முதுகு. விளக்கிச் சொல்கிறேன். 2005-06 பருவத்தின் நடுவில் முன்கள வீரர்கள் காயத்தால் இல்லாமல் போக, பயிற்சியாளர் லூச்சானோ ஸ்பலெட்டி டோட்டியையே தனி முன்கள வீரராக நிறுத்தினார். அவரோ கோலுக்கு அருகில் நிற்காமல் நடுக்களத்தை நோக்கி இறங்கி வருவார். அவரைக் காக்க வேண்டிய தற்காப்பு வீரர் பின்தொடர்ந்து வந்தால் பின்னால் ஓர் ஓட்டை விழும். வராவிட்டால் டோட்டி தடையின்றித் திரும்பிவிடுவார். கோலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் அவரிடம் பந்து வரும். அதை நிறுத்தாமல், தலையைத் திருப்பிப் பார்க்காமல், ஒரே தொடுகையில் பின்பக்கமாகத் திருப்பிவிடுவார். தவறான பாஸ் என்று அரை நொடி நினைப்போம். அதற்குள் பெரோட்டாவோ மன்சினியோ தட்டேயோ எங்கிருந்தோ ஓடிவந்து, பந்து சேரும் இடத்தில் சரியாக இருப்பார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஒரு முறை தோளுக்கு மேல் பார்த்திருப்பார் என்பது, ஆட்டத்தைப் பதிவுசெய்து திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே எனக்குப் புலப்பட்டது. கேமரா அந்தப் பார்வையைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். பல வருடங்கள் கழித்து 'பொய்யான ஒன்பது' என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்பட்ட இந்த முறையை நாங்கள் ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பருவத்தில்தான், 2006 பிப்ரவரி 19 அன்று, எம்போலிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய இடது கால் எலும்பு முறிந்தது. உலகக் கோப்பைக்கு நான்கு மாதங்கள்கூட இல்லை. இத்தாலியின் பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பி மருத்துவமனைக்கே சென்று, உனக்காக இடம் காத்திருக்கும் என்று தைரியம் சொன்னார். காலுக்குள் உலோகத் தகட்டுடன் ஜெர்மனிக்குப் போனவர், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கிடைத்த பெனால்டியை அடிக்க வந்து நின்றார். இம்முறை கரண்டி இல்லை. பந்து வேகமாக மேல் மூலையைத் தேடிப் போனது. இத்தாலி அந்தக் கோப்பையையும் வென்றது. அடுத்த பருவத்தில் அவர் லீக்கில் 26 கோல்கள் அடித்து ஐரோப்பிய லீக்குகளில் கோலடிப்பில் முதலிடம் பெறுபவருக்கான தங்கக் காலணி விருதைப் பெற்றார். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2006 நவம்பரில் சம்ப்தோரியாவின் மைதானத்தில், வலப்பக்கத்திலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்த பந்தை, கோலுக்கு மிகக் குறுகிய கோணத்தில் நின்றபடி, தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்தார். பந்து எதிர்மூலையில் போய்ச் சேர்ந்தது. எதிரணி ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவர் வலது கால் ஆட்டக்காரர் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். 2004 யூரோவில் டென்மார்க் வீரர் பௌல்சன் மீது துப்பியதும், 2010 இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் பலோடெல்லியைப் பின்னாலிருந்து உதைத்ததும் அன்று எங்களையே தலைகுனிய வைத்தன. நேசிப்பவரின் தவற்றை மறைத்துப் பேசினால் மற்ற நினைவுகளின் மதிப்பும் குறைந்துவிடும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அதே நகரத்தின் மற்றொரு அணியான லாட்சியோவுக்கு எதிரான டெர்பி ஆட்டங்களைப் பற்றிப் பேசினால் இந்தப் பதில் முடியவே முடியாது. 2015 ஜனவரியில் 0-2 என்று பின்தங்கியிருந்த ரோமாவை, முப்பத்தெட்டு வயதில் இரண்டு கோல்கள் அடித்துச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது கோலுக்குப் பிறகு தெற்குப் பக்கத்து ரசிகர் வளைவான குர்வா சூடை நோக்கி ஓடி, கோல்கீப்பர் பயிற்சியாளரிடமிருந்து கைப்பேசியை வாங்கி, கூட்டம் முழுவதும் பின்னணியில் விழும்படி தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் அவருடைய முகம் ஒரு ரசிகனின் முகமாகவே இருக்கிறது.

கடைசி இரண்டு பருவங்களில் அவருக்குக் கிடைத்த ஆட்ட நேரம் மிகவும் குறைவு. ஆனாலும் 2016 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டின் மைதானத்தில் அவர் மாற்று வீரராக இறங்கியபோது அங்கிருந்த மக்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். அடுத்த மாதம், ஏப்ரல் 20 அன்று, டொரினோவுக்கு எதிராக ரோமா 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, 86-ஆவது நிமிடத்தில் அவரை உள்ளே அனுப்பினார்கள். வந்த சில நொடிகளில், பந்தை முதன்முறையாகத் தொட்டதிலேயே ஒரு கோல். மூன்று நிமிடங்களில் பெனால்டியில் மற்றொன்று. முப்பத்தொன்பது வயது மனிதர், மூன்று நிமிடங்களில் ஓர் ஆட்டத்தையே திருப்பிவிட்டார். கூட்டத்தில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்த ஒரு ரசிகரைக் கேமரா காட்டியது. எனக்கும் திரை கலங்கித்தான் தெரிந்தது.

2017 மே 28, ஜெனோவாவுக்கு எதிரான கடைசி ஆட்டம். டோட்டி 54-ஆவது நிமிடத்தில் களமிறங்கினார். 2-2 என்ற நிலையில் நாப்போலி இரண்டாமிடத்தைப் பறித்துக்கொள்ளக் காத்திருந்தது. ரோமா வென்றே தீர வேண்டும். 90-ஆவது நிமிடத்தில் பெரோட்டி கோல் அடித்ததும் மைதானம் அதிர்ந்தது. வழக்கமாக இப்படி முன்னிலை பெற்றால், நடுவர் எப்போது விசில் அடிப்பார் என்று துடிப்போம். அன்று அந்த விசில் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்குப் பிறகு மனைவியும் மூன்று குழந்தைகளும் அருகில் நிற்க, அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தை வாசித்தார். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். பாழாய்ப்போன காலம் என்று அதில் சொன்னார். 2001 ஜூன் 17 அன்று வேகமாகக் கழிய வேண்டும் என்று நாம் எல்லாரும் ஏங்கிய அதே காலம், இன்று என் தோளைத் தட்டி, நாளையிலிருந்து நீ பெரியவனாக வேண்டும் என்கிறது என்றார். பெனால்டி அடிக்கும்போது கோல் வலையின் துளைகள் வழியே அந்தப் பக்கம் தெரியும், இப்போது எதுவும் தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கிளப்பின் நிர்வாகத்தில் இருந்துவிட்டு 2019-இல் அவர் வெளியேறிய தேதியும் ஜூன் 17-தான் என்பது பின்னால் நடந்த கதை. 2022-இல் வந்த பவுலோ டிபாலா பத்தாம் எண் சட்டையை ஏற்காமல் 21-ஐ எடுத்துக்கொண்டதை, எங்களைப் போன்றவர்கள் நன்றியுடன் நினைக்கிறோம்.

விடைபெற்ற அந்த நாளில் லாட்சியோவின் தீவிர ரசிகர்கள்கூட ஒரு பதாகை எழுதினார்கள்: வாழ்நாள் எதிரிகள் ஃபிரான்செஸ்கோ டோட்டிக்கு விடை கொடுக்கிறார்கள் என்று. ஆனால் அன்றைய காட்சிகளில் நான் இன்றும் எடுத்துப் பார்ப்பது வேறொன்று. டோட்டி ஒரு பந்தை வாங்கி, எழுதுகோலால் அதன் மீது, உன்னை இழந்து ஏங்குவேன் என்று எழுதினார். பிறகு அதைக் குர்வா சூடை நோக்கி உயரமாக உதைத்தார். ஆயிரக்கணக்கான கைகள் அதற்காக மேலே எழுந்தன.