இடுப்பு ஏன் முங்குது?

கேள்வி: அண்ணா, பட்டர்ஃப்ளை நீச்சல்ல 25 மீட்டர் பாதி தாண்டினாலே இடுப்பு முங்கி கை வெளிய வரமாட்டேங்குது, ஜிம் போய் தோள ஏத்தணுமா?

பதில்: ஜிம்மெல்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி, நீ மூச்சுக்கு வானத்த பாக்குற மாதிரி தலைய தூக்குறேன்னு நினைக்கிறேன், தலை ஏறினா இடுப்பு இறங்கத்தான் செய்யும். தாடை தண்ணிய உரசுற அளவுக்கு முன்னாடி நீட்டினா போதும், கை முன்னாடி வந்து விழுறதுக்குள்ள முகம் உள்ள போயிடணும். ஒரு கை சுத்துக்கு ரெண்டு கிக், கை தண்ணில நுழையும்போது ஒண்ணு, தொடைகிட்ட தள்ளி முடிக்கும்போது ஒண்ணு, பலபேர் இந்த ரெண்டாவத முழுங்கிடுறாங்க, ஆனா கைய வெளிய தூக்கிவிடுறதே அதுதான். ஒத்தக் கையால மட்டும் நீந்திப் பழகுற டிரில் பண்ணு, இன்னொரு கை முன்னாடி நீட்டியே இருக்கட்டும். ஒவ்வொரு கை சுத்துக்கும் மூச்சு எடுக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னா கண்டுக்காத, ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே அப்படி எடுத்தவருதான்.