கூகுள் கணக்கு நிரம்பிவிட்டதா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் கூகுள் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது, மாதச் சந்தா கட்டுங்கள் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. கூகுள் போட்டோஸில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தேன். கணக்கில் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பணம் கட்டாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ காலி செய்வது உங்கள் போனைத்தான், கிளவுடை (இணையத்தில் உங்கள் கணக்குக்கு உள்ள சேமிப்பிடத்தை) அல்ல. ஏற்கெனவே பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து நீக்கிவிடும். அதாவது, அந்தப் படங்களுக்கு இப்போது கிளவுடில் இருப்பது மட்டுமே பிரதி. அவசரப்பட்டு அங்கேயும் அழித்தால் படங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்கிறது என்று தெரியும். அதைப் பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பைக் கவனியுங்கள். முன்பு அது கணக்கில் சேராது; இப்போது சேருகிறது. சாட் பேக்கப் அமைப்பில் வீடியோக்களைச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை பேக்கப் எடுங்கள். குரூப்களில் வந்து குவிந்த வீடியோக்களுக்காக மாதாமாதம் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் ஜிமெயில். ஆயிரக்கணக்கான சின்ன மெயில்களை அழித்துக் களைத்துப் போகாதீர்கள். கணினியில் தேடல் பெட்டியின் ஓரத்திலுள்ள குறியைத் தட்டி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடினால் கனமானவை மட்டும் வந்து நிற்கும். டிரைவிலும் அளவு வாரியாக வரிசைப்படுத்தலாம். அங்கே பிறர் உங்களோடு பகிர்ந்த கோப்புகள் அவர்கள் கணக்கில்தான் சேரும். அவற்றை நீக்கிப் பயனில்லை.

போட்டோஸில் முதலில் வீடியோக்களைப் பாருங்கள், இடத்தை விழுங்குவது அவைதான். 2021 ஜூன் 1-க்கு முன் ‘ஹை குவாலிட்டி’யில் (அசலாக இல்லாமல் சுருக்கி) ஏற்றிய படங்கள் கணக்கில் வராது என்பதால், அந்தப் பழைய படங்களை அழித்தாலும் இடம் கிடைக்காது. அசல் தரத்தில் சேமித்திருந்தால், கணினியில் போட்டோஸ் அமைப்புக்குள் ‘ரெக்கவர் ஸ்டோரேஜ்’ இருக்கிறது. 16 மெகாபிக்சலுக்கு மேலான படங்களின் அளவைக் குறைத்து, எல்லாவற்றையும் சுருக்கிவிடும். போனில் பார்ப்பதற்கு அது தாராளம். பழைய தரத்துக்குத் திரும்ப முடியாது என்பதால், பெரிதாக அச்சிட நினைக்கும் படங்களின் அசலை மட்டும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அழித்தவை ட்ராஷில் இருக்கும் வரை இடம் கிடைக்காது. ஜிமெயிலிலும் டிரைவிலும் 30 நாள், போட்டோஸில் 60 நாள் வரை கிடக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் நீங்களே காலி செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், கணக்கு முழுதாக நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும்.

போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் பொதுவாகக் கிளவுடிலும் போனிலும் சேர்ந்தே போய்விடும். அதனால் வேண்டியதை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். நாலைந்து வீடியோக்களை அதிலிருந்து ஓடவிட்டுப் பார்த்து, சரியாக ஓடினால் மட்டும் கிளவுடில் அழியுங்கள்.