ஓபிஜியில் ‘தட்டை’ என்று வந்தால் தேய்மானமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு மாதமாக வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் நறநறவென்று சத்தம், மென்றால் வலி. ஓபிஜி எக்ஸ்ரேயில் (தாடையும் பற்களும் ஒரே படத்தில் தெரிவது) ‘கீழ்த்தாடைக் குமிழ் தட்டையாகியுள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். சிபிசிடி (எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேன் வகை) எடுப்பதா, எம்ஆர்ஐ எடுப்பதா? மூட்டு தேய்ந்தேவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த ஒரு வரியை நம்பித் தேய்மானம் என்று முடிவுகட்டாதீர்கள். ஓபிஜி எடுக்கும்போது முன்பற்களால் ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்லியிருப்பார்கள். அப்போதே கீழ்த்தாடை முன்னுக்கு நகர்ந்துவிடும். காதுக்கு முன்னால் உள்ள மூட்டுக் குழிக்குள், கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனையான குமிழ் வழக்கமான இடத்தில் இருக்காது. கதிரும் சாய்வாகப் போகும், கபால எலும்பின் நிழலும் மேலே விழும். நல்ல உருண்டைக் குமிழும் அதில் தட்டையாகத் தெரியலாம். எலும்பு முறிவு, பெரிய சிதைவு, பல்லில் உள்ள கோளாறு ஆகியவற்றைப் பார்க்க ஓபிஜி போதும்; அதற்கு மேல் அதைக் கேட்பது நியாயமில்லை.

நறநறச் சத்தம் எலும்புப் பக்கம் கை காட்டுகிறது. அதற்கு சிபிசிடி. ‘டக்’ என்று ஒரே சத்தமோ, திடீரென வாய் திறக்காமல் பூட்டிக்கொள்வதோ இருந்தால் மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அது எம்ஆர்ஐயில்தான் தெரியும், சிபிசிடியில் தெரியாது.

சிபிசிடி எடுக்கும்போது தோட்டைக் கழற்றுங்கள். பின்பற்களை இயல்பாகக் கடித்தபடி, படம் முடியும்வரை எச்சில்கூட விழுங்காமல் இருங்கள். அசைந்தால் விளிம்பு இரட்டைக் கோடாக விழும். உடைப்பு எது, நிழல் எது என்று பிரிக்க முடியாது. இரண்டு மூட்டும் படத்தில் வர வேண்டும். குமிழ் முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் திரும்பியிருப்பதால், அதன் அச்சை ஒட்டியே குறுக்குவெட்டுகளைப் போடச் சொல்லுங்கள்.

அறிக்கையில் தேட வேண்டியவை: குமிழின் வெள்ளை விளிம்பு அரித்து அறுந்திருப்பது, ஓரத்தில் எலும்பு முளை, விளிம்புக்கு அடியில் சிறு குழிக்கட்டி, குமிழ் முழுக்க எலும்பு இறுகியிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மூட்டுச் சிதைவு என்பார்கள். வெறும் தட்டையோ, ஓரிடத்தில் மட்டும் இறுக்கமோ இருந்தால் 2014-இல் வெளியான சர்வதேச அளவுகோல்படி அது ‘உறுதியில்லை’ என்ற கணக்கு. சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டதாகவும் இருக்கலாம்.

படமும் வலியும் ஒத்துப்போக வேண்டியதில்லை. மெத்தென்ற உணவு, தாடைப் பயிற்சி, பற்களின் மேல் மாட்டும் ஸ்பிளின்ட் என்றே வைத்தியம் தொடங்கப்போகிறது என்றால் ஸ்கேனுக்கு அவசரமில்லை. முன்பற்கள் முன்போல் ஒட்டாமல் இடைவெளி விழுவது, தாடை ஒரு பக்கம் ஒதுங்குவது, வீக்கம், மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 15 வயது மகனுக்கு சிபிசிடியில் ‘குமிழ் விளிம்பு தெளிவாக இல்லை’ என்று வந்திருக்கிறது. அரிப்பா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த வெள்ளை விளிம்பு முழுதாக உருவாக 20 வயதைத் தாண்டிவிடும். வளரும் பிள்ளைகளின் படம் பார்த்துப் பழகிய பல் கதிரியல் மருத்துவரிடம் மறுவாசிப்புக் கேளுங்கள். விரல், முழங்கால் மூட்டுகளிலும் வீக்கமோ காலை விறைப்போ இருந்தால் மூட்டுவாத மருத்துவரையும் பாருங்கள். சிறார் மூட்டுவாதம் தாடையையும் விடுவதில்லை, அதைத் தொடக்கத்தில் காட்டுவது எம்ஆர்ஐ.