மகள் கடலியல் படிக்கிறேன் என்கிறாள், வயிற்றில் புளியைக் கரைக்கிறதா?

கப்பலில் போக வேண்டியிருக்குமா, மீன் ஆராய்ச்சியா, வேலை கிடைக்குமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். முதலில் மீனை எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது.

மீன், திமிங்கலம் எல்லாம் கடல் உயிரியல். அறிமுகக் கடலியல் பாடத்தின் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் மீனே வராது. பூமி எப்படி உண்டானது, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது, அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தரை எதனால் ஆனது என்றுதான் பாடம் தொடங்கும். டால்பின் ஆசையில் வந்து சேருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். உங்கள் மகள் சுளிப்பாளா மாட்டாளா என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஒரு கேள்வி போதும்: பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள், ஆனால் கடல்தரையில் ஏறக்குறைய எங்கு தோண்டினாலும் 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய பாறை கிடைப்பதில்லை, அப்படியானால் பழைய தரை எல்லாம் எங்கே போச்சு?

விடை உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பெருங்கடல்களின் நடுவே சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியில் தரை பிளந்து, கீழிருந்து உருகிய பாறை வந்து, இறுகி, புதுத் தரையாகி, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இரண்டு பக்கமும் விலகிப்போகிறது. நகம் வளரும் வேகம்தான். போகப்போகக் குளிர்ந்து கனத்து, கடைசியில் ஆழமான அகழிகளில் இன்னொரு தட்டுக்கு, அதாவது பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் இன்னொரு பெரும் துண்டுக்கு, அடியில் புகுந்து பூமிக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால்தான் ஆதிக்கடலுக்குச் சாட்சி தேடுகிறவர்கள் கடலை விட்டுவிட்டு நிலத்துக்கு வருகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, மணல் பருமனே உள்ள ஜிர்கான் என்ற கனிமப் படிகங்களில் சில சுமார் 440 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றில் உள்ள, எடையில் வேறுபட்ட ஆக்ஸிஜன் வகைகளின் விகிதத்தை அளந்துவிட்டு, அந்தக் காலத்திலேயே பூமியில் திரவ நீர் இருந்திருக்க வேண்டும் என்று பலர் வாதிடுகிறார்கள். தண்ணீர் பாறைக்குள்ளிருந்தே கசிந்து வந்ததா, விண்கற்கள் கொண்டுவந்து கொட்டியதா என்ற சண்டையும் இன்னும் ஓயவில்லை. வால்நட்சத்திரம் ஒன்றை ரொசெட்டா விண்கலம் 2014இல் நெருங்கிப் பார்த்தபோது, அதன் நீரில், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று காட்டும் கைரேகை போன்ற கன ஹைட்ரஜனின் பங்கு நம் கடலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு இருந்தது. ஆக, அந்த வகை வால்நட்சத்திரங்கள்தான் கடலை நிரப்பின என்று சொல்வது கடினமாகிவிட்டது.

அந்தக் கேள்வியைப் போட்டதும் அவள் பதிலுக்குக் கேள்வி கேட்டால் சேர்த்துவிடுங்கள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை அளவுகளை வைத்தே ஊகித்து, அது தப்பென்று தெரிந்தால் சலிக்காமல் மாற்றிக்கொள்கிற புத்திதான் இந்தத் துறைக்கு வேண்டும். நீச்சல் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம்.

கப்பல் பயத்துக்கு மேரி தார்ப் என்ற பெண்மணியின் கதையைச் சொல்கிறேன். 1950களில் அவர் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தின் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். மற்றவர்கள் கடலில் எடுத்துவந்த ஆழ அளவுகளை மேசையில் பரப்பி வரைந்தே, அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். கூட வேலைபார்த்தவர் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது! இன்று கதவு திறந்திருக்கிறது, பெண்கள் ஆய்வுப் பயணங்களுக்குத் தலைமை தாங்குகிறார்கள். ஆனால் மேசையிலேயே முழு வாழ்க்கையும் ஓட்டுகிற கடலியலாளர்களும் ஏராளம். வாந்தி வருகிற உடம்பு என்பதற்காக யாரும் படிப்பை விட வேண்டியதில்லை.

இனி வேலை. இங்கே உங்களிடம் இனிப்பாகப் பேச மாட்டேன். இளநிலையிலேயே கடலியல் என்ற பெயரில் பட்டம் வாங்குவதைவிட, புவியியற்பியல், நிலவியல், இயற்பியல், கணிதம் இவற்றில் ஒன்றை அழுத்தமாகப் படித்துவிட்டு முதுநிலையில் கடலுக்குப் போவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. நடுவில் மனசு மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். கூடவே நிரல் எழுதவும் வரைபட மென்பொருள் கையாளவும் கற்றுக்கொள்ளட்டும், இதில் சமரசமே வேண்டாம்.

ஏனென்றால் வேலை இருக்கிற இடம் அளவெடுப்பில். உலகக் கடல்தரையில் ஒலி அலை அனுப்பி ஆழம் அளக்கும் நவீன சோனார் கருவியால் நுணுக்கமாக அளக்கப்பட்டது இன்றும் ஏறத்தாழ கால்பங்குதான். நாடுகளுக்கு இடையே இணையத்தைச் சுமக்கிற கடலடிக் கேபிளைப் போடுவதற்கு முன்பும், கடலில் காற்றாலை நடுவதற்கு முன்பும், துறைமுகத்தை ஆழப்படுத்துவதற்கு முன்பும் அடியில் பாறையா சேறா, சரிவு நிற்குமா நழுவுமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாரோ ஒருவர் கடல்தரையின் நிலவியல் படித்தவர். ஆழ்கடல் சுரங்கத்தில் பணம் கொட்டும் என்று ஆசை காட்டினால் மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், அதன் சட்டதிட்டங்களிலேயே இன்னும் இழுபறி. ஆதிபூமி ஆராய்ச்சிதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் முனைவர் பட்டம், அதற்குப் பிறகும் சில வருடம் தற்காலிக ஒப்பந்தங்கள் என்று நீளும், வீடு தாங்குமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

சரி, இந்த வாரம் அந்த 20 கோடிக் கேள்வியைக் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து எதையாவது வரைந்து காட்டினால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பாடப்பிரிவு என்று உட்கார்ந்து பார்ப்போம்.