‘நெர்வ்’ என்றால் பாராட்டா, திட்டா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சமீபத்தில் ஒரு மீட்டிங்கில், “இந்த லாட்டில் அளவு டாலரன்ஸைத் தாண்டியிருக்கிறது, இதை அனுப்பக்கூடாது” என்று சொன்னேன் (லாட் என்றால் ஒரே தொகுதியாகச் செய்த பொருட்கள், டாலரன்ஸ் என்றால் அனுமதித்த அளவு வித்தியாசம்). வெளியிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, “யூ ஹேவ் காட் சம் நெர்வ்” என்றார். நெர்வ் என்றால் தைரியம் என்று டிக்‌ஷனரியில் படித்த ஞாபகத்தில் “தேங்க் யூ சார்” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த லாட்டை அப்புறம் நிறுத்தித்தான் வைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து நான் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம்? தைரியத்துக்கு ஆங்கிலத்தில் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன, எதை எங்கே சொல்வது? வேறு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், ரெஸ்யூமில் ‘போல்ட்’ என்று போடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அவர் உங்களைப் பாராட்டவில்லை. திட்டினார். “என்ன துணிச்சல் உனக்கு!” என்பதுதான் அந்த வாக்கியம். ஆனால் நீங்கள் படித்த அர்த்தமும் தப்பில்லை, நெர்வ் என்றால் தைரியம்தான். நம் வீட்டில் பெரியவர் யாராவது “என்ன தைரியம் இருந்தா என் முன்னாடியே இப்படிப் பேசுவே?” என்று கேட்டால், அதில் தைரியம் என்ற சொல் இருக்கிறது என்பதற்காக அதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை இல்லையா? அதே கதைதான் இங்கேயும். சொல்லை டிக்‌ஷனரி சொல்லிக்கொடுத்தது, அதைத் திருப்பிப் போடுகிற தொனியை யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது உங்கள் குற்றமா?

இந்த நெர்வை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம், மாட்டிவிட்டது இதுதானே. லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குத் தசைநார் என்று பொருள், வில்லின் நாணையும் அப்படிச் சொல்வார்கள். இழுத்துக் கட்டிய நார் தளராமல் நிற்பது என்ற இடத்திலிருந்துதான் பதறாத மனம் என்ற பொருள் வந்தது. ‘ஹோல்ட் யுவர் நெர்வ்’ என்றால் பதறாதே, உறுதியாக நில். ‘லாஸ்ட் ஹிஸ் நெர்வ்’ என்றால் கடைசி நேரத்தில் தைரியம் கைவிட்டுவிட்டது. ‘நெர்வ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்பது அசராதவருக்கு. இதெல்லாம் நல்ல பக்கம். முன்னால் ‘சம்’ சேர்ந்து ‘சம் நெர்வ்’ ஆனாலோ, ‘வாட் எ நெர்வ்’ என்று வந்தாலோ, ‘ஷி ஹேட் த நெர்வ் டு ஆஸ்க்’ என்று ஒருவர் செய்த காரியத்தைச் சுட்டிச் சொன்னாலோ பெரும்பாலும் வசவுதான், திமிர், வாய்க்கொழுப்பு என்கிறோமே அந்த வகை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது: பன்மையில் வெறும் ‘நெர்வ்ஸ்’ என்றால் பதற்றம். பயந்து கை நடுங்குவதைச் சொல்லும் ‘நெர்வஸ்’ என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான், ஒரு காலத்தில் அதற்குத் திடமான, முறுக்கேறிய என்று பொருள் இருந்தது. ‘கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்’ என்றால் எரிச்சல் மூட்டுகிறது. ஒரே சொல் தைரியம், திமிர், பயம், எரிச்சல் என்று நான்கு பக்கமும் போகிறது, இதில் ஒரு பக்கம் பிடிபடாமல் போனதற்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் தைரியத்துக்கு உடம்பின் உள்ளுறுப்புகளை வைத்துச் சொல்கிற பழக்கம் நிறைய. ‘கட்ஸ்’ என்பது குடல். “அவனுக்கு கட்ஸ் இருக்கு” என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள், பேச்சில் சொல்லலாம், மெயிலிலும் இன்டர்வியூவிலும் வேண்டாம். ‘ஹேட் (hate) ஹிஸ் கட்ஸ்’ என்று காதில் விழுந்தால் அது தைரியம் பற்றியதே அல்ல, ஆளையே பிடிக்காது என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ப்ளக்’ (pluck). ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் எந்த ஆட்டுக்கறிக் கடையிலும் பாருங்கள், தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் உள்ளே கைவிட்டு ஈரல், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக இழுத்து எடுத்து ஓரமாக மாட்டுவார்கள். அந்தக் கொத்துக்குத்தான் ஆங்கிலக் கசாப்புக்காரர்கள் வைத்த பெயர் ப்ளக், பிடுங்கி எடுத்தது. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் குத்துச்சண்டைக்காரர்கள் பேச்சில் அது தைரியம் ஆனது. நாமோ “ஈரக்குலையே நடுங்கிப்போச்சு” என்று பயத்தை அங்கே வைத்திருக்கிறோம், அவர்கள் தைரியத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். நல்ல சொல், ஆனால் இன்றைக்கு ப்ளக் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அதுவும் சின்ன உருவம், பெரிய எதிரி என்ற இடத்தில்தான் சொல்வார்கள்.

மற்றவை வேகமாக. ‘கரேஜ்’ எங்கேயும் எடுபடும், இதயம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, நம் நெஞ்சுரம் மாதிரியே. ‘என்கரேஜ்’, ‘டிஸ்கரேஜ்’ இரண்டுமே அதன் பிள்ளைகள். ‘பிரேவ்’ ஆபத்தையும் வலியையும் தாங்குகிறவருக்கு, ஊசி போட்டும் அழாத குழந்தைக்கும் அதைச் சொல்வார்கள். ஆனால் பிரிட்டிஷ் ஆபீஸ் பேச்சில் “தட்ஸ் எ பிரேவ் டிசிஷன்” என்றால் உங்கள் முடிவு சரிவராது என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்றும் இருக்கலாம், முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கிரிட்’ என்றால் மணல், பொடிக்கல், பொருளில் விடாப்பிடி, பல வருஷம் விடாமல் நிற்பது. ‘ஆடாசிட்டி’ நெர்வ் போலவே இரண்டு பக்கமும் வெட்டும். ‘கால்’ (gall) என்றால் பித்தம், ‘சீக்’ என்றால் கன்னம், இரண்டுமே தைரியம் இல்லை, திமிர் மட்டும்தான், அதில் சீக் கொஞ்சம் செல்லமானது.

சரி, ரெஸ்யூம். ‘போல்ட்’ போட வேண்டாம். அது நல்ல சொல்தான், ‘போல்ட் டிசிஷன்’ என்று ஒரு முடிவைச் சொல்லலாம். ஒரு பெண்ணைப் பற்றி என்றால் நம் நாட்டு சினிமா செய்திகள் அந்தச் சொல்லைக் கவர்ச்சி உடைக்கு எழுதி எழுதிப் பழக்கிவிட்டன, எனக்கு அதில் கோபமே உண்டு. அது மட்டும் காரணமில்லை. நான் தைரியசாலி என்று தானே எழுதிக்கொண்டால் படிப்பவர் நம்பப் போவதில்லை, அது பிரேவ் ஆனாலும் கரேஜியஸ் ஆனாலும். ஒருநாள் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே வைத்திருக்கும் நடுகற்களைப் பாருங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படிக் கற்கள் ஏராளம், பல்லவர் காலத்து வட்டெழுத்தில் வெட்டியவையும் உண்டு. வில்லும் கையுமாக ஒருவன், சிலவற்றில் புலியோடு மல்லுக்கட்டுகிறவன். எழுத்துள்ள கல் பலவற்றில் என்ன இருக்கும் என்றால், இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டில், இன்னார் தொறுவைக் கவர்ந்தபோது, இன்னாருடைய ஆள் இன்னான் பொருது பட்டான். தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் இறந்தான். மாவீரன், அஞ்சாநெஞ்சன் என்ற அடைமொழியை அந்தக் கல் பெரும்பாலும் தேடுவதே இல்லை. என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அவ்வளவுதான். உங்கள் ரெஸ்யூமிலும் அதையே செய்யுங்கள்: அளவு மீறிய லாட்டைக் கண்டுபிடித்து, அனுப்புவதற்கு முன்பே தெரிவித்தேன், லாட் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ‘ஐடென்டிஃபைடு’, ‘ரிப்போர்ட்டட்’, ‘ஹெல்டு’ என்ற மூன்று வினைச்சொல் போதும். இன்டர்வியூவில் தைரியமாக நடந்துகொண்ட ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று கேட்டால் இதையே சொல்லுங்கள், “இட் டுக் கரேஜ்” என்று ஒரே ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தச் சிரிப்பு. அங்கே சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த லாட்டின் அளவு தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்ம்மா. நீங்கள் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், அளவைத் தப்பாகச் சொல்லவில்லை. அதனால் வேலை மாறும்வரை காத்திருக்காமல், வருகிற மீட்டிங்கிலேயே ஏதாவது ஒரு அளவைப் பற்றி ஒரே ஒரு வரி பேசுங்கள், வராத ஆங்கிலத்தை இழுத்துக்கொண்டு வராமல் தமிழும் கலந்தே பேசுங்கள், ஓசூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலக்காத மீட்டிங் எங்கே இருக்கிறது? மறுபடி யாராவது ‘சம் நெர்வ்’ என்றால் தேங்க்ஸும் வேண்டாம், சாரியும் வேண்டாம். “சார், கேன் ஐ ஷோ யூ த ரீடிங்ஸ்?” என்று கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டை அவர் முன்னால் வையுங்கள்.